புத்தகத் தட்டு ஏன் வளைகிறது?

வீடு கட்டும்போது பூஜையறை எந்தத் திசையில் அமைய வேண்டும், சமையலறையில் மிக்ஸி எங்கே, கிரைண்டர் எங்கே என்று அங்குலம் அங்குலமாகப் பேசி முடிவெடுக்கிறோம். புத்தகங்களுக்கு மட்டும் அந்தப் பேச்சு நடப்பதில்லை. எல்லா வேலையும் முடிந்தபின் கடையிலிருந்து ஓர் அலமாரி வந்து இறங்குகிறது. இல்லையென்றால் துணி அலமாரி செய்ய வந்த ஆசாரியிடமே அப்படியே ஒரு புக் ஷெல்ஃபும் செய்துவிடுங்கள் என்கிறோம். ஓரிரு ஆண்டுகளில் தட்டுகள் நடுவில் தொய்கின்றன. மரம் சரியில்லை என்று மரத்தின்மேல் பழி போடுகிறோம். பிழை பெரும்பாலும் மரத்தில் இல்லை, அளவில் இருக்கிறது. பெரிய, உறுதியான புத்தக அலமாரி வேண்டுமென்றால் தேக்கைத் தேடி அலைய வேண்டாம். எந்தத் தட்டும் 2 அடிக்கு மேல் நீளாமல் பார்த்துக்கொண்டாலே முக்கால்வாசி வேலை முடிந்தது.

முதலில் பாரத்தைப் பார்ப்போம். தமிழ் நூல்களில் பெரும்பாலானவை டெம்மி அல்லது கிரௌன் அளவில் வருகின்றன. அவற்றை நெருக்கி அடுக்கினால் 3 அடித் தட்டில் ஏறக்குறைய 20 கிலோ ஏறும். அகராதிகள், கெட்டி அட்டைத் தொகுதிகள், 'அபிதான சிந்தாமணி' போன்ற பருமனான நூல்கள் என்றால் 30 கிலோவை நெருங்கும். 6 அடி அகலமும் 7 அடி உயரமும் உள்ள அலமாரி நிறைந்தால் 300 கிலோ அளவுக்குப் போய்விடும். துணிகள் ஒருநாளும் இவ்வளவு கனக்காது; ஆகவே துணி அலமாரியின் அளவுகள் இங்கே உதவாது. சீராகப் பாரம் ஏறிய பலகை எவ்வளவு வளையும் என்பது அதன் நீளத்தின் நான்காம் அடுக்கைப் பொறுத்தது. 4 அடித் தட்டை 2 அடியாகக் குறைத்தால் வளைவு பாதியாவதில்லை, பதினாறில் ஒரு பங்காகிறது. 3 அடியை 2 அடியாக்கினாலே ஐந்தில் ஒரு பங்குக்கு வந்துவிடும். பலகையின் தடிமனைக் கூட்டியும் வளைவைக் குறைக்கலாம்தான். ஆனால் 18 மி.மீ. பிளைவுட்டுக்குப் பதில் 25 மி.மீ. போட்டாலும் மூன்றில் ஒரு பங்குக்குச் சற்று அதிகமான வளைவு மிஞ்சும். நீளத்தில் ஓரடி குறைப்பதால் கிடைக்கும் பலன் அதைவிடப் பெரிது.

இன்னொன்றும் உண்டு. பாரம் ஏறிய அன்று வளைவதோடு பலகை நின்றுவிடுவதில்லை. மாதக்கணக்கில் அதே பாரத்தைச் சுமக்கும்போது மெல்ல மெல்லத் தொய்ந்துகொண்டே போகும். மரத்தூளையும் சில்லுகளையும் பசையோடு அழுத்திச் செய்த பார்ட்டிகிள் போர்டில் இந்தத் தொய்வு மிகவும் அதிகம். தண்ணீர் பட்டால் ஊதியும் விடும். ரெடிமேட் அலமாரிகள் பல இந்தப் பலகையில்தான் வருகின்றன. ஐம்பது, அறுபது புத்தகங்கள் வைத்திருப்பவருக்கு அது போதும், மலிவும்கூட. ஆண்டுதோறும் சென்னைப் புத்தகக் காட்சியிலோ ஈரோட்டுப் புத்தகத் திருவிழாவிலோ பை நிறைய வாங்கி வருபவருக்குப் போதாது. அவருக்கு ஐ.எஸ். 303 முத்திரை உள்ள, ஈரம் தாங்கும் பி.டபிள்யூ.ஆர். ரகப் பிளைவுட்டே நிறைவாக இருக்கும். தட்டுகளைச் சிறிய பின்களின்மேல் உட்கார வைக்காமல், பக்கப் பலகையில் காடி எடுத்துச் செருகச் சொல்ல வேண்டும். அல்லது அடியில் ரீப்பர் வைத்துத் தாங்கச் சொல்ல வேண்டும். பின்பக்கம் முழுவதும் 6 மி.மீ. பிளைவுட் அடித்தால் அலமாரி பக்கவாட்டில் சாயாது. நம் ஊர்க் கொத்தனார்களுக்கு இதெல்லாம் புதிய பாடமே அல்ல. சமையலறையில் கடப்பாக் கல் தட்டு அமைக்கும்போது இடையிடையே நிற்கும் கல் ஒன்றையும் அவர்கள் வைப்பது, நீண்ட கல் பாரத்தில் முறியும் என்று தெரிந்துதான்.

இடையிடையே செங்குத்துப் பலகை வந்தால் அழகு போய்விடும், செலவும் ஏறும் என்பார்கள். அழகைப் பொறுத்தவரை, புத்தகங்கள் நிறைந்துவிட்டால் நடுப்பலகை கண்ணில் படுவதே அரிது. தொய்ந்த தட்டு ஒவ்வொரு நாளும் கண்ணை உறுத்தும். செலவைக் கணக்குப் போட்டே சொல்லலாம். ஆசாரிகள் வழக்கமாகப் புத்தக அலமாரிக்கும் 15 அங்குல ஆழம் வைத்துவிடுகிறார்கள். டெம்மி நூலின் அகலமோ ஐந்தரை அங்குலம். 9 அங்குல ஆழமே தாராளம். 8 அடிக்கு 4 அடி பிளைவுட்டிலிருந்து 15 அங்குலப் பட்டைகள் மூன்றுதான் கிடைக்கும், 9 அங்குலப் பட்டைகள் ஐந்து கிடைக்கும். மேலே சொன்ன 6 அடி அலமாரியை 15 அங்குல ஆழத்தில் ஒரே நடுப்பலகையோடு செய்தால், பின்பலகை நீங்கலாகச் சுமார் 86 சதுர அடி பலகை வேண்டும். 9 அங்குல ஆழத்தில் இரண்டு நடுப்பலகைகளோடு செய்தால் 57 சதுர அடி போதும். உறுதி கூடி, செலவு மூன்றில் ஒரு பங்கு குறைகிறது. ஆழம் குறைந்தால் முன்வரிசைக்குப் பின்னால் இன்னொரு வரிசை அடுக்கவும் முடியாது. பின்வரிசைக்குப் போன புத்தகத்தை யாரும் மறுபடி எடுப்பதில்லை என்பதால் இதை நான் பெரிய லாபமாகவே கருதுகிறேன்.

ஆழம் குறைந்த, உயரமான அலமாரி முன்னால் சாய்ந்துவிடாதா என்ற கேள்வி நியாயமானது. சாயும். குழந்தைகள் உள்ள வீட்டில் அதன்மேல் ஏறவும் செய்வார்கள். மேல்முனையை எல் கிளாம்ப் வைத்துச் சுவரோடு திருகாமல் அதை ஒருநாள்கூட நிறுத்தக் கூடாது. மாடி வீட்டில் தரை தாங்குமா என்றும் கேட்பார்கள். வீட்டு அறைகளின் தளத்தைச் சதுர மீட்டருக்குச் சுமார் 200 கிலோ என்று கணக்கிட்டே வடிவமைக்கிறார்கள். நிறைந்த அலமாரியின் 300 கிலோவோ சிறிய இடத்தில் குவிகிறது. ஆகவே அறையின் நடுவில் நிறுத்தாமல், கீழே பீம் ஓடும் சுவரை ஒட்டி நிறுத்த வேண்டும். மழையில் ஓதம் காக்கும் வெளிச்சுவரைத் தவிர்ப்பதும், தரையிலிருந்து 4 அங்குலமாவது பீடம் எழுப்புவதும் கரையானுக்கும் வீடு கழுவும் தண்ணீருக்குமான காப்பு.

வாடகை வீட்டில் இருப்பவர்கள் இவ்வளவு பெரிய பொருளை எப்படித் தூக்கிப்போவது? ஒரே அலமாரியாகச் செய்யாமல், 2 அடி அகலப் பெட்டிகளாகத் தனித்தனியே செய்து போல்ட்டால் இணைத்தால் இரண்டு பேர் ஒவ்வொன்றாக இறக்கிவிடலாம். சீர்காழியில் பிறந்த எஸ்.ஆர். ரங்கநாதன் 1931இல் வெளியிட்ட நூலகவியல் விதிகளில் ஐந்தாவது, நூலகத்தை வளரும் உயிராகப் பார்க்கச் சொல்கிறது. வீட்டு நூலகமும் அப்படித்தான் வளரும். மூன்று பெட்டிகள் நிறைந்தபின் அதே அளவில் நான்காவதைப் பக்கத்தில் சேர்த்துக்கொள்ளலாம். அதற்கான சுவரில் சுவிட்ச் போர்டு வராதபடி, எலக்ட்ரீஷியன் குழாய் பதிக்கும் முன்பே சொல்லி வைத்துவிட வேண்டும்.