சுந்தராம்பாள் கிழவியாகவே பிறக்கவில்லை

சித்தியவானில் எங்கள் வீட்டுக்கு இரண்டு தெரு தள்ளி ஒரு மாரியம்மன் கோயில் இருக்கிறது. திருவிழாக் காலத்தில் விடியற்காலை ஐந்து மணிக்கே ஒலிபெருக்கி எழுப்பிவிடும். முதலில் சீர்காழி கோவிந்தராஜன், அடுத்து டி.எம்.எஸ்., அதற்கடுத்து கே.பி. சுந்தராம்பாள். இந்த வரிசை நான் பாலர் பள்ளிக்குப் போன நாளிலிருந்து மாறவில்லை. போர்வைக்குள் இருந்தபடியே அந்தக் குரலைக் கேட்டு வளர்ந்ததால், சுந்தராம்பாள் என்றால் நெற்றி நிறையத் திருநீறும் வெள்ளைப் புடவையும் கையில் கோலுமாக இருக்கும் ஒரு பாட்டி என்றுதான் நினைத்திருந்தேன். அவர் ஒரு காலத்தில் சிறுமியாகவும் இளம்பெண்ணாகவும் இருந்திருப்பார் என்று தோன்றியதே இல்லை. ஆண்பிள்ளையாக மேடையேறியிருப்பார் என்று யாராவது சொல்லியிருந்தால் சிரித்திருப்பேன்.

என் எண்ணத்தை மாற்றியது பாட்டு அல்ல, ஒரு சின்ன சண்டை.

சென்ற ஆண்டு நான் படித்த தமிழ்ப்பள்ளியின் மாணவர்களுக்கு ஒரு நாடகம் பழக்கிக் கொடுத்தேன். 'வள்ளி திருமணம்' கதையை இருபது நிமிடத்துக்குச் சுருக்கியிருந்தோம். பிள்ளைகளில் ஆறாம் ஆண்டு மாணவி ஒருத்திக்குத்தான் குரல் எட்டியது. மண்டபத்தின் கடைசி வரிசையில் நின்று கேட்டாலும் ஒவ்வொரு சொல்லும் தெளிவாக வந்து விழும். அவளையே முருகனாகப் போட்டேன். ஒத்திகை பார்க்க வந்த நிகழ்ச்சி ஏற்பாட்டாளர் ஒருவர் இரண்டு காரியம் சொன்னார். "பொம்பளப் பிள்ளைக்கு எதுக்கும்மா ஆம்பள வேஷம்? வள்ளியா போடுங்க" என்பது ஒன்று. "பாட்ட பென்டிரைவ்ல கொடுத்துடுங்க, பிள்ளைங்க வாய மட்டும் அசைச்சா போதும், மைக் தகராறு வராது" என்பது மற்றொன்று. அவர் கெட்ட மனிதர் அல்லர். நேரத்துக்கு நிகழ்ச்சி முடிய வேண்டும் என்ற கவலை அவருக்கு. ஆனால் அந்த இரண்டு வாக்கியத்தில் தமிழ் இசை நாடகத்தின் நூறு ஆண்டுகளைத் தூக்கிப் போட்டுவிட்டார்.

பதில் தேடிப் படிக்கப் போனபோதுதான் சுந்தராம்பாள் என்ற நடிகரை முதன்முதலாகச் சந்தித்தேன். பாடகரை அல்ல, நடிகரை.

அவர் 1908இல் கொடுமுடியில் பிறந்தவர். வறுமை. கரூர்ப் பக்கம் ரயிலில் பாடிக் காசு வாங்கிய சிறுமி வேலு நாயர் நாடகக் கம்பெனிக்கு வந்து சேர்ந்தார். அங்கே கிடைத்த முதல் வேடம் 'நல்லதங்காள்' நாடகத்தில் அந்தத் தாயின் மூத்த மகன். இந்தக் கதையை நம் தோட்டத்துப் பாட்டிமார்களிடம் சொல்லிப் பாருங்கள், பாதியிலேயே கண்ணைத் துடைத்துக்கொள்வார்கள். பஞ்சத்தில் அடிபட்டு, அண்ணன் வீட்டில் அவமானப்பட்டு, ஏழு பிள்ளைகளையும் கிணற்றில் தள்ளுகிறாள் தாய். விவரம் தெரிந்த மூத்தவன் மட்டும் என்ன நடக்கிறது என்பதை உணர்ந்து கெஞ்சுகிறான். அந்தக் கெஞ்சலை ஒரு சிறுமி, பையனாக நின்று பாடினாள். அவர் நடிப்பு வாழ்க்கையின் முதல் படியே ஆண் வேடம்தான். என்னிடம் பேசிய ஏற்பாட்டாளருக்கு இது தெரியாது. எனக்கும் அன்றைக்குத் தெரியாது.

அந்த நாளில் மேடை வேடங்களைப் பாலபார்ட், ஸ்திரீபார்ட், ராஜபார்ட் என்று பிரிப்பார்கள். பிள்ளை வேடம், பெண் வேடம், நாயகன் வேடம் என்று பொருள். பெரும்பாலான நடிகர்கள் ஒன்றில் பெயர் வாங்கி அதிலேயே நின்றுவிடுவார்கள். சுந்தராம்பாள் மூன்றிலும் ஆடினார். இது எவ்வளவு கடினம் என்பது 'ஸ்பெஷல் நாடகம்' எப்படி நடந்தது என்று தெரிந்தால்தான் விளங்கும்.

ஸ்பெஷல் நாடகத்தில் கம்பெனி என்று ஒன்று கிடையாது. ஓர் ஊர்த் திருவிழாவுக்கு முருகன் ஓர் ஊரிலிருந்தும் வள்ளி வேறோர் ஊரிலிருந்தும் வருவார்கள். பபூனும் ஆர்மோனியக்காரரும் தனித்தனியாக வந்து சேர்வார்கள். சேர்ந்து ஒத்திகை பார்த்திருக்கமாட்டார்கள். எல்லாருக்கும் பொதுவாக இருப்பது சங்கரதாஸ் சுவாமிகள் போன்றவர்கள் எழுதி வைத்த பாட்டும் கதைப்போக்கும்தான். 1867இல் பிறந்து 1922இல் மறைந்த அந்தச் சுவாமிகளே தமிழ் இசை நாடகத்துக்குத் தலைமையாசிரியர். இரவு தொடங்கினால் விடியும்வரை நாடகம் போகும். தினைப்புனத்தில் வள்ளி பரண்மேல் நிற்க, வேடனாக வந்த முருகன் வம்பிழுப்பான். அவன் ஒரு கேள்வியைப் பாடினால் அவள் ஒரு பதிலைப் பாட வேண்டும். இதைத் தர்க்கம் என்பார்கள். எதிராளி இன்று எந்தப் பாட்டை எடுப்பார், எங்கே நிறுத்துவார், எந்தச் சொல்லில் மடக்குவார் என்பது முன்கூட்டித் தெரியாது. ராகம், தாளம், கோபம், வெட்கம், பதிலடி எல்லாம் ஒரே மூச்சில் வர வேண்டும். அதுவும் ஒலிபெருக்கி இல்லாத காலத்தில், உச்சக் கட்டையில், திடலின் கடைசியில் பாய் விரித்து உட்கார்ந்திருப்பவருக்கும் சொல் விளங்கும்படி.

ஆகவே பாட்டு என்பது அங்கே நடிப்புக்கு நடுவில் வரும் இடைவேளை கிடையாது. பாட்டுதான் நடிப்பு. பென்டிரைவில் அதைக் கொடுத்துவிட்டால் மேடையில் என்ன மிச்சம் இருக்கும்? உடுப்பும் ஒப்பனையும்தான்.

இலங்கை மேடைகளில்தான் செங்கோட்டை எஸ்.ஜி. கிட்டப்பாவும் சுந்தராம்பாளும் ஜோடியாகப் புகழடைந்தார்கள். மேடை ஜோடி வாழ்க்கை ஜோடியானது. அந்த வாழ்க்கையில் பிரிவும் மனக்கசப்பும் நிறைய. அதைப் பற்றி ஏற்கெனவே வேண்டிய அளவு எழுதிவிட்டார்கள், நான் சேர்க்க ஒன்றுமில்லை. 1933 டிசம்பரில் கிட்டப்பா இறந்தபோது அவருக்கு 27 வயது. சுந்தராம்பாளுக்கு 25. வெள்ளைப் புடவைக்கு மாறிய அவர், இனி வேறு எந்த ஆணுக்கும் ஜோடியாக நடிப்பதில்லை என்று முடிவெடுத்தார்.

பொதுவாக இந்த இடத்தில் அவருடைய பக்தியையும் வைராக்கியத்தையும் புகழ்ந்துவிட்டு நகர்ந்துவிடுவார்கள். எனக்கு இதில் வேறொன்று தெரிகிறது. நாயகி வேடங்கள் எல்லாமே நாயகனோடு பின்னிக் கிடந்த காலத்தில், ஜோடி வேண்டாம் என்று ஒரு நடிகை சொன்னால் அவர் வீட்டுக்குப் போக வேண்டியதுதான். சுந்தராம்பாள் போகவில்லை. 1935இல் 'பக்த நந்தனார்' படத்தில் நந்தனாராகவே நடித்தார். சேற்றில் உழைக்கும், சேரியில் ஒதுக்கப்பட்ட ஓர் ஆண். எதிரே அவரை அடக்கி வைக்கும் வேதியராக, கர்நாடக இசை மேதை மகாராஜபுரம் விஸ்வநாத ஐயர். சம்பளம் ஒரு லட்சம் ரூபாய். அந்த நாளில் ஒரு நடிகருக்கு அது யாரும் கேள்விப்படாத தொகை.

படம் எப்படி இருந்தது? இங்கே நேர்மையாக இருக்க வேண்டும். எழுத்தாளர் கல்கி ஆனந்த விகடனில் அந்தப் படத்தைக் கிழித்துத் தொங்கவிட்டார். படத்தில் நன்றாக நடித்தவை பனைமரமும் எருமைக்கடாவும் ஆட்டுக்குட்டியும்தான் என்ற தோரணையில் அவர் செய்த கேலி இன்றுவரை பேசப்படுகிறது. கல்கி சொன்னதில் நியாயம் இருக்கும் என்றே நினைக்கிறேன். ஆயிரம் பேருக்குக் கேட்கும்படி பாடிப் பழகிய உடம்பு, மூன்றடி தூரத்தில் நிற்கும் கேமராவுக்கு முன் என்ன செய்வது என்று தெரியாமல் திகைக்கும். பின்னாளில் வந்த படங்களில்கூட அவர் கைகள் அதிகம் பேசுவதில்லை. நடக்கும்போது ஏதோ சபையில் நுழைவதுபோல் நடக்கிறார். சாவித்திரியிடம் கண் செய்யும் வேலையை இவரிடம் எதிர்பார்த்தால் ஏமாற்றம்தான். இதையெல்லாம் மறைத்துவிட்டு ஒருவரைப் புகழ்வது அவருக்கு மரியாதை ஆகாது.

ஆனால் அவருடைய நடிப்பு இருக்கும் இடம் வேறு. ஏ.பி. நாகராஜனின் 'திருவிளையாடல்' (1965) படத்தில் பழத்துக்காகக் கோபித்துக்கொண்டு போன சிறுவன் முருகனை ஔவையார் சமாதானப்படுத்தும் காட்சியை எடுத்துக்கொள்ளுங்கள். கோயிலில் நூறு முறை கேட்ட பாட்டுதான். இந்த முறை பக்திப் பாட்டாகக் கேட்காதீர்கள். கோபித்துக்கொண்ட பேரனிடம் ஒரு பாட்டி பேசுவதாகக் கேளுங்கள். முதலில் அவன் பெருமையைச் சொல்லிக் குளிர வைக்கிறார். மசியவில்லை. அடுத்து உறவைச் சொல்லி இழுக்கிறார். அந்த இழுப்பில் "இதென்ன பிடிவாதம்" என்ற மெல்லிய அதட்டலும் இருக்கிறது. முகத்தில் பெரிய மாற்றம் இல்லை. எல்லாம் சொல்லை எங்கே அழுத்துகிறார், எங்கே விடுகிறார் என்பதில் இருக்கிறது. தினைப்புனத்துத் தர்க்கத்தில் பழகிய அதே வித்தைதான், வள்ளியின் இடத்தில் இப்போது கிழவி. இயக்குநர் நாகராஜனும் சிறுவயதில் நாடகக் கம்பெனியில் வளர்ந்தவர் என்பதால், அவரை எங்கே நிறுத்த வேண்டும் என்று தெரிந்திருந்தது.

ஔவை வேடத்திலேயே இன்னொரு வேடிக்கை உண்டு. ஜெமினியின் 'ஔவையார்' படம் 1953இல் வந்தபோது சுந்தராம்பாளுக்கு ஏறக்குறைய 45 வயது. அதற்கு முன்பே மேடையில் ஔவையாராக நடித்துப் புகழ்பெற்றவர் ஓர் ஆண். டி.கே. சண்முகம். அந்த வேடத்தால்தான் அவர் பெயரே 'ஔவை சண்முகம்' ஆனது. ஆண் ஔவையாக, பெண் நந்தனாராக. நம் நாடக மரபு இதைப் பெரிய புரட்சி என்று சொல்லிக்கொள்ளவில்லை. குரலும் பாவமும் சரியாக இருக்கிறதா என்று மட்டும் பார்த்தது.

'பூம்புகார்' (1964) படத்தில் அவர் கவுந்தியடிகள். முருக பக்தை ஒருவர் சமணத் துறவியாக, பகுத்தறிவாளர் கலைஞர் மு. கருணாநிதி எழுதிய வசனத்தைப் பேசுகிறார். இதையும் நாம் கவனிக்காமல் 'பக்திப் பாடகி' என்ற ஒரே பெட்டிக்குள் அவரைப் போட்டு மூடிவிட்டோம். 'கொடுமுடி கோகிலம்' என்ற பட்டமும் அந்தப் பெட்டிக்கு ஒரு பூட்டு. குயில் பாடும், நடிக்காது அல்லவா? 'துணைவன்' படத்துக்காக அவருக்குத் தேசிய விருது கிடைத்தது. திரையில் அவரே தோன்றி நடித்த படம் அது. விருதின் பெயரோ சிறந்த பின்னணிப் பாடகி. முன்னால் நின்றவருக்குப் பின்னணி விருது!

இந்தக் குறை நமக்குத் தூரத்து விஷயம் அன்று. என் பாட்டி சிறுமியாக இருந்தபோது தோட்டத்தில் திருவிழா என்றால் லயத்துக்கு எதிரே உள்ள திடலில் கூத்தும் நாடகமும் நடக்குமாம். காலையில் பால்மரம் வெட்டியவர்களே இரவில் அரிச்சந்திரனும் சந்திரமதியுமாக நின்றிருக்கிறார்கள். "ஒங்க தாத்தா சந்திரமதி வேஷம் கட்டுனா நாங்கல்லாம் அழுவோம்" என்று பாட்டி சொல்லும்போது அதில் கேலி துளியும் இருக்காது. ரப்பர் போய்ச் செம்பனை வந்தது. லயங்கள் காலியாகி நாமெல்லாம் பட்டணத்துக்கு வந்தோம். ஆர்மோனியம் வாசித்தவர்கள் ஒவ்வொருவராகப் போய்விட்டார்கள். அந்தத் திடலுக்கு மிச்சமிருக்கும் ஒரே வாரிசு நம் தமிழ்ப்பள்ளி மேடைதான். அங்கேயும் சினிமாப் பாட்டை ஓடவிட்டு ஆடுவதே கலை நிகழ்ச்சி என்றாகிவிட்டது. ஆடுவதை நான் குறை சொல்லவில்லை, நானும் ஆடியவள்தான். ஆனால் பன்னிரண்டு வயதில் ஒரு பிள்ளை தன் சொந்தக் குரலில் ஒரு மண்டபத்தையே அமைதியாக்க முடியும் என்று கண்டுகொள்வதற்கு வேறு எந்த இடம் இருக்கிறது? நாடகத்துக்கு மதிப்பெண் போடும் ஆசிரியர்கள், பதிவு செய்த பாட்டுக்கு வாயசைக்கும் குழுவையும் சொந்தமாகப் பாடி நடிக்கும் குழுவையும் ஒரே தட்டில் வைக்காமல் இருந்தாலே போதும். பிள்ளைகள் தாமாகப் பாட வந்துவிடுவார்கள். பெண்பிள்ளை முருகனாக நிற்பதற்கு யாரும் அனுமதிக் கடிதம் கேட்க வேண்டாம்.

எங்கள் நாடகம் என்ன ஆனது என்று கேட்பீர்கள். மாணவி முருகனாகவே மேடையேறினாள். பாட்டையும் அவளே பாடினாள். இரண்டாம் பாட்டில் மைக் நின்றுவிட்டது. ஏற்பாட்டாளர் பயந்தபடியேதான். அவள் நிறுத்தவில்லை. ஒரு படி மேலே எடுத்துப் பாடினாள். பின்வரிசையில் கைப்பேசி பார்த்துக்கொண்டிருந்தவர்கள் தலை நிமிர்ந்ததை நான் திரைக்குப் பக்கத்திலிருந்து பார்த்தேன். பரிசு எதுவும் வரவில்லை.

இப்போது அவள் படிவம் ஒன்று. சனிக்கிழமைகளில் வீட்டுக்கு வருகிறாள். போன வாரம் முருகன் விருத்தனாக வந்து, தினைமாவு தின்று விக்கல் எடுத்து, வள்ளியிடம் தண்ணீர் கேட்கும் இடத்தைப் பழகிக்கொண்டிருந்தோம். நடுவில் நிறுத்திவிட்டுக் கேட்டாள்: "அக்கா, இவன் நெஜமாவே கிழவன் இல்லல்ல? அப்ப கிழவன் மாதிரிப் பாடணுமா, கிழவனா நடிக்கிற பையன் மாதிரிப் பாடணுமா?"

எனக்குப் பதில் தெரியவில்லை. யூடியூபில் அந்தப் பழக் காட்சியைப் போட்டு, கண்ணை மூடிக்கொண்டு இரண்டு பேரும் மறுபடி கேட்டோம்.