குற்றத்தை விட்டொழிக்கும் இளைஞர்

வடமாகாணத்தில் வாள்வெட்டுச் செய்தி வெளிவருந்தோறும், இளங்குற்றவாளிகளைச் சிறையில் அடைத்தாலன்றித் திருந்தார் என்னும் பேச்சு நம்மவரிடையே எழுகின்றது. பழைய மாணவராகிய நம்மிற் பலரும் அதனை ஆராயாது வழிமொழிகின்றனர். யான் அதற்கு உடன்படேன்.

குற்றச்செயல் பதின்பருவத்தின் பிற்கூற்றில் உச்சமடைந்து, இருபதுகளில் விரைந்து குறைவது பல நாடுகளிற் கண்ட உண்மை. 1993 இல் டெரி மொஃபிட் என்னும் உளவியலறிஞர் இதற்கு ஒரு விளக்கம் தந்தார். மிகச் சிலரே குழந்தைப் பருவந்தொட்டு முரட்டுப் போக்கினர். அவர்க்கு உதவி பாலர் வகுப்பிலேயே தொடங்கல் வேண்டும். ஏனையோர், உடல் வளர்ந்தும் பெரியோர்க்குரிய பொறுப்பும் மதிப்பும் கிட்டாத இடைக்காலத்தில் வழி தவறுவோர். அதே ஆண்டில் சாம்சன், லோப் என்னும் இருவர், பொஸ்டன் நகரத்து இளங்குற்றவாளிகள் 500 பேரின் பழைய பதிவேடுகளை மீளாய்ந்து, நிலையான தொழிலும் அன்புள்ள இல்லறமும் பலரைத் திருப்பியமையை எடுத்துக்காட்டினர். தொழில்மேல் உண்டாகும் பற்றே அவர்களைக் கட்டி நிறுத்தியதாம்.

இனி, குடாநாட்டின் வாயிலாகிய ஆனையிறவை நோக்குவோம். போரினால் 1990 இல் நின்ற உப்பளம் இப்போது மீண்டும் இயங்குகின்றது. ஆயின் மாரி தொடங்கினால் பாத்தியில் உப்பு விளையாது. நாட்கூலிக்காரனுக்கு வேலையும் இராது. முன்னர் அவ்வுப்பைக் கொண்டு கோஸ்டிக் சோடா செய்த பரந்தன் இரசாயனத் தொழிற்சாலை போர்க்காலத்தில் மூடுண்டது. மாரி முழுதும் வெறுங்கையோடு நிற்கும் பதினெட்டு வயதினனுக்கு எத்தொழில்மேற் பற்று உண்டாகும்?

அவன்மேல் வழக்கொன்றும் இருந்துவிட்டால், பொலிஸ் நற்சான்றிதழ் கேட்கும் இடமெல்லாம் கதவு அடைபடும். சட்டம் ஓரளவு இளகியுள்ளது: 2018 இல் குற்றப்பொறுப்புக்குரிய வயது 8 இலிருந்து 12 ஆக உயர்த்தப்பட்டது; நன்னடத்தை மேற்பார்வையில் விட நீதவானுக்கு அதிகாரமும் உண்டு. இளகாதவர் முதலாளிமாரே. (அவருட் சிலர் நம் சங்கத்தவர் என்பதைச் சொல்லாது விடுவது எங்ஙனம்?)

வெட்டுக் காயத்தோடு வாழ்வோர் இதனை எளிதில் ஏற்கார். அவர்க்குரிய நட்டஈட்டை நீதிமன்றம் விதிக்கட்டும். அதனோடு, கிளிநொச்சியிலும் பரந்தனிலும் அரிசி ஆலையோ வாகனத் திருத்தகமோ நடத்தும் நம் அங்கத்தவர், நன்னடத்தை உத்தியோகத்தர் பரிந்துரைக்கும் இளைஞன் ஒருவனையேனும், மாரி மாதங்களும் உட்பட ஓராண்டு தொழில் பழக ஏற்றல் வேண்டும். யூபிலி நிதியில் ஒரு பங்கு அவனது பயிற்சிப்படிக்குச் செல்லட்டும். புதிய மண்டபத்தின் மேல்மாடி அடுத்த ஆண்டு எழலாம்.