பாரம் எது?

பதினோராம் வகுப்புக்கு நடந்து வந்த பொதுப் பரீட்சை, 2025-ம் வருஷம் ஆகஸ்டு மாதம் வெளியான தமிழ்நாட்டு மாநிலக் கல்விக் கொள்கையின்படி நீக்கப்பட்டுவிட்டது. மூன்று வருஷம் இடையறாது பொதுப் பரீட்சைக்கு அஞ்சி வாடிய பிள்ளைகளுக்கு இது ஆறுதலான செய்தியே. இதை நாம் மனமார வரவேற்கிறோம். ஆனால் அத்துடன் நம் கடமை தீர்ந்ததென்று எண்ணுவது பெரும் பிழையாகும்.

அப்பரீட்சை ஏன் பிறந்தது? 2017-18-க்கு முன் தனியார் பள்ளிக்கூடங்கள் பல, பதினோராம் வகுப்புப் பாடங்களைக் கைகழுவிவிட்டு, பன்னிரண்டாம் வகுப்புப் புத்தகங்களையே இரண்டு வருஷம் உருப்போடச் செய்தன. மார்க்குகள் மலைபோல் குவிந்தன, அஸ்திவாரமோ இல்லை. அவ்விதம் தேறியவர்கள் பொறியியல் கல்லூரியில் கால் வைத்ததும் கணிதத்தில் தடுமாறினர். மருத்துவப் படிப்புக்குரிய நீட் பரீட்சையோ இரு வகுப்புப் பாடங்களிலிருந்தும் வினாக்களைத் தொடுக்கின்றது. இந்த மோசத்தைத் தடுக்கவே பதினோராம் வகுப்புப் பரீட்சை ஏற்பட்டது. தடுப்பு நீங்கிய பின் பழைய வழக்கம் மீளாதென்பதற்கு உறுதி என்ன?

சர்க்கார் உத்தரவு மட்டும் மார்க்கு மோகத்தை ஒழித்துவிடாது. மாநிலத்தில் முதலாவது, இரண்டாவது என்று இடம் குறித்து அறிவிக்கும் வழக்கம் 2017-லேயே நிறுத்தப்பட்டது. ஆயினும் அதிக மார்க்கு வாங்கிய பிள்ளைகளின் படங்களை வீதிதோறும் கட்டி வியாபாரம் செய்வது நின்றதா? அப்படத்தில் இடம் பெறாத பிள்ளை தன்னைப் பயனற்றவனென்று கருதாதிருப்பானா?

புத்தகப் பையின் கனத்தைவிட, பொருள் விளங்காமல் படிப்பதே கொடிய பாரமென்று யஷ்பால் கமிட்டி 1993-ல் எடுத்துரைத்தது. 2022-ம் வருஷத்தில் இந்தியாவில் தற்கொலையால் மாண்ட மாணவர் 13,000-க்கு மேற்பட்டோர் என்பது தேசியக் குற்றப் பதிவேட்டு நிலையத்தின் கணக்கு. அத்தனைக்கும் பரீட்சையே காரணமன்று. எனினும், பரீட்சையில் தோற்றதற்காக ஓர் உயிர் போனாலும் அது தேசத்துக்கு அவமானமே. மார்க்கைக் கொண்டு மாணவரை வகுப்புப் பிரிப்பதும், பலரறிய இழிவுபடுத்துவதும் கூடாதென்று சுப்ரீம் கோர்ட்டும் 2025 ஜூலையில் நெறி வகுத்துள்ளது.

ஆகவே பெற்றோர் செய்ய வேண்டியது ஒன்றுண்டு. “என் பிள்ளைக்கு எத்தனை மார்க்கு வரும்?” என்று கேட்பதை விட்டு, “பதினோராம் வகுப்புப் பாடம் முறையாக நடக்கிறதா?” என்று ஒவ்வொரு பள்ளிக்கூடத்திலும் கேட்க வேண்டும். பெற்றோர் ஆசிரியர் கழகங்கள் இதை விடாது கண்காணிக்க வேண்டும். பாடத்தை ஒளிக்கும் பள்ளிகள்மீது கல்வி அதிகாரிகள் தாட்சண்யமின்றி நடவடிக்கை எடுக்க வேண்டும். பொதுஜன ஊழியர்களும் இதைத் தங்கள் வேலையாக மேற்கொள்வார்களாக. பரீட்சையை நீக்கியது சர்க்கார். பாரத்தை நீக்க வேண்டியவர்கள் நாமே.