மூன்று பேர் ‘வேண்டாம்’ என்றார்கள்: மவுண்டன் பைக் பாதைகள் யாரை நம்பி ஓடுகின்றன?

அமெரிக்காவின் வெர்மான்ட் மாநிலத்தில், கனடா எல்லைக்குக் கொஞ்சம் தெற்கே, ஈஸ்ட் பர்க் என்றொரு கிராமம். அக்கம்பக்கத்துக் குடியிருப்புகளையும் சேர்த்தால்கூட பர்க் ஊரின் மக்கள்தொகை இரண்டாயிரத்தைத் தொடாது. ஆனால் அமெரிக்காவின் வடகிழக்கில் மவுண்டன் பைக் ஓட்டுகிறவர்களிடம் கேட்டால், இந்தப் பெயர் தெரியாதவர்கள் குறைவு. காரணம், ‘கிங்டம் டிரெயில்ஸ்’. 1994-ல் தொடங்கிய லாப நோக்கமற்ற சங்கம் அது. காடு, மேய்ச்சல் நிலம், குன்றுச் சரிவு என்று 100 மைலுக்கு மேல், அதாவது 160 கி.மீ.க்கும் அதிகமான பாதைகளைப் பராமரிக்கிறது. பாஸ்டனில் இருந்தும் மான்ட்ரியலில் இருந்தும் கார் மேல் சைக்கிளைக் கட்டிக்கொண்டு வார இறுதியில் வந்து குவிகிறார்கள். 2019 வாக்கில் ஆண்டு வருகைகளின் எண்ணிக்கை ஒரு லட்சத்தைத் தாண்டியிருந்தது.

அந்த ஆண்டு டிசம்பரில் ஓர் அறிவிப்பு வந்தது. டார்லிங் ஹில் என்ற குன்றுப் பகுதியில் மூன்று நில உரிமையாளர்கள், இனி தங்கள் நிலத்தில் சைக்கிள் வேண்டாம் என்று சொல்லிவிட்டார்கள். கோர்ட் உத்தரவு இல்லை, அரசாணை இல்லை. நிலத்துக்காரர் ‘வேண்டாம்’ என்றார், அவ்வளவுதான். மொத்த நீளத்தில் பார்த்தால் அது சிறு பங்கு. ஆனால் பல ஆண்டுகளாக ஓட்டுகிறவர்களுக்குப் பிடித்தமான பாதைகள் அங்கேதான் இருந்தன. நெட்வொர்க்கின் நடுப்பகுதியும் அதுதான். நடுவில் ஓட்டை விழுந்த வலையைப் போல, அடுத்த சீசன் தொடங்கியது.

பாதை போடுவதற்கு மண்வெட்டி, மினி எக்ஸ்கவேட்டர், கொஞ்சம் பணம், நிறைய வியர்வை இருந்தால் போதும். அந்தப் பாதையை இருபது வருடம் திறந்து வைத்திருப்பது வேறு வேலை. மவுண்டன் பைக் சங்கங்கள் பெரும்பாலும் முதல் வேலையில் கெட்டிக்காரர்களாகவும், இரண்டாவது வேலையில் தாமதமாக விழித்துக்கொள்கிறவர்களாகவும் இருக்கிறார்கள்.

அடுத்தவர் பட்டா நிலத்தில் எப்படி ஓட்ட முடிகிறது?

கிங்டம் டிரெயில்ஸ் பாதைகள் ஏறக்குறைய நூறு தனியார் நில உரிமையாளர்களின் இடங்களைத் தாண்டிப் போகின்றன. நம் பாஷையில் சொன்னால், எல்லாம் பட்டா நிலம். உரிமையாளர்களுக்கு வாடகை கிடையாது. சங்கம் சவாரிக்காரர்களிடம் டிக்கெட் பணம் வாங்குகிறது. அது பாதைப் பராமரிப்புக்கும் ஊழியர் சம்பளத்துக்கும் போகிறது.

வெளியூர்க்காரர்களுக்கு இது விசித்திரமாகத் தோன்றும். அந்த மாநிலத்துக்கு இது பழக்கமான விஷயம். வேலி போடாத அடுத்தவர் நிலத்தில் வேட்டையாடும் உரிமையை வெர்மான்ட் தன் 1777 அரசியல் சாசனத்திலேயே எழுதி வைத்தது. இன்றும் அது இருக்கிறது. குளிர்காலத்தில் பனிச்சறுக்கு, ஸ்னோமொபைல், இலையுதிர் காலத்தில் மான் வேட்டை என்று பிறர் நிலத்தில் கால் வைப்பது அங்கே தலைமுறைப் பழக்கம். இதற்குத் துணையாக ஒரு சட்டமும் உண்டு. கட்டணம் வாங்காமல் பொழுதுபோக்குக்காக நிலத்தைத் திறந்துவிடும் உரிமையாளர் மீது, விழுந்து அடிபட்டவர் எளிதில் நஷ்டஈடு கேட்க முடியாதபடி அது பாதுகாப்பு தருகிறது. எதற்கெடுத்தாலும் வழக்கு என்று பெயரெடுத்த நாட்டில், இந்தப் பாதுகாப்பு இல்லாவிட்டால் ஒருத்தரும் கேட்டைத் திறக்க மாட்டார்கள்.

இதிலேயே ஒரு சிக்கலும் இருக்கிறது. காசு வாங்காததால்தான் உரிமையாளருக்குப் பாதுகாப்பு. காசு வாங்காததாலேயே, நிலத்தைத் திறந்து வைத்திருக்க அவருக்கு மனசு ஒன்றுதான் காரணம். மனசு மாறினால் பாதை போய்விடும்.

‘ஊருக்குப் பணம் வருதுல்ல, அப்புறம் என்ன?’

பாதை வேண்டும் என்று கேட்கிறவர்கள் முதலில் எடுத்து வைக்கும் வாதம் இதுதான். சுற்றுலா வரும், கடை ஓடும், இளைஞர்கள் ஊரை விட்டுப் போக மாட்டார்கள். ஈஸ்ட் பர்க்கில் அது பொய்யும் இல்லை. விடுதி, சைக்கிள் கடை, பீர் ஊற்றும் இடம், வாடகை வீடு என்று பலருக்கு இந்தப் பாதைகள்தான் வருமானம்.

இங்கே ஒரு பக்கக் கதையும் உண்டு. இதே பர்க் மலையில்தான் ஈபி-5 விசா முதலீட்டுப் பணத்தில் பெரிய ஹோட்டல் ஒன்று கட்டப்பட்டது. அமெரிக்க கிரீன் கார்டு கனவோடு வெளிநாட்டுக்காரர்கள் பணம் போட்ட திட்டம். 2016 ஏப்ரலில் அமெரிக்கப் பங்குச் சந்தை ஒழுங்குமுறை ஆணையம் அந்தத் திட்டங்களை நடத்தியவர்கள் மீது மோசடி வழக்குத் தொடர்ந்தது. சொத்துகள் நீதிமன்றம் நியமித்த நிர்வாகியின் கைக்குப் போயின. வெளியே இருந்து வரும் பெரும்பணம் எப்படி முடியும் என்பதைக் கண்ணால் பார்த்த பகுதி இது. மண்வெட்டியோடு தொடங்கிய சைக்கிள் பாதை அதோடு ஒப்பிட்டால் எவ்வளவோ மேல்.

ஆனாலும் ‘ஊருக்குப் பணம்’ என்பது ஒரு சராசரிக் கணக்கு. பீர் கடைக்காரருக்கு வியாபாரம் நடக்கும். பாதைக்கு நிலம் கொடுத்த விவசாயிக்கு என்ன வரும்? சனிக்கிழமை காலை டிராக்டரை எடுத்துக்கொண்டு போனால், குறுகிய சாலையில் அணிவகுக்கும் சைக்கிள் கூட்டம். வீட்டு வாசலை மறித்து நிற்கும் கார். கேட்டால் ‘டிக்கெட் வாங்கியிருக்கோம்’ என்று பதில். டார்லிங் ஹில் சம்பவத்துக்கு முன்பே வாகன நெரிசல் பற்றியும், சிலரது மரியாதைக் குறைவு பற்றியும் ஊரில் பேச்சு இருந்தது. லாபம் ஒரு வாசலுக்கும் தொந்தரவு இன்னொரு வாசலுக்கும் போகும்போது, மொத்தக் கூட்டல் எவ்வளவு பெரிதாக இருந்தாலும் இரண்டாவது வாசல்காரருக்கு அது யாரோ ஒருவரின் பணம்தான்.

வருகையாளர் எண்ணிக்கையை மட்டுமே வெற்றிக்கு அளவுகோலாக வைக்கும் சங்கம் இதைக் கவனிக்காது. எண்ணிக்கை கூடக்கூட ஆதரவு குறைந்துகொண்டே போகலாம். ஆண்டறிக்கையில் முதலாவது தெரியும், இரண்டாவது தெரியாது.

பிறந்த வீட்டிலேயே தடை

இந்தப் பாடத்தை மவுண்டன் பைக் உலகம் இதற்கு முன்பே, இன்னும் கசப்பாகக் கற்றிருக்கிறது. விளையாட்டு பிறந்த இடங்களில் முக்கியமானது சான் பிரான்சிஸ்கோவுக்கு வடக்கே உள்ள மரின் கவுன்டி. பழைய தடித்த டயர் சைக்கிள்களை மலை உச்சிக்குக் கொண்டுபோய் உருட்டிவிட்ட இளைஞர்கள் 1976-ல் ‘ரீபேக்’ என்ற பந்தயத்தைத் தொடங்கினார்கள். கேரி ஃபிஷர், ஜோ ப்ரீஸ், சார்லி கெல்லி எல்லாம் அந்தக் கூட்டம்தான். பிரேக் சூட்டில் சக்கர மையத்தின் கிரீஸ் முழுக்க எரிந்துபோகும். ஒவ்வொரு முறையும் புதிதாக நிரப்ப வேண்டும். அதனால்தான் அந்தப் பெயர்.

பத்தே ஆண்டுகளில் அதே மலையில் எதிர்ப்பு கிளம்பியது. நடப்பவர்களும் குதிரை ஓட்டுகிறவர்களும் புகார் சொன்னார்கள். டமால்பைஸ் மலையில் குடிநீர் வாரியத்தின் நிலங்களில் ஒற்றையடிப் பாதைகள் சைக்கிளுக்கு மூடப்பட்டன. அகலமான தீயணைப்புச் சாலைகளில் மணிக்கு 15 மைல் வேக வரம்பு. அதைப் பிடிக்க ரேடார் துப்பாக்கியோடு ரேஞ்சர்கள் நின்றார்கள். 2024-ல் சில பாதைகளைச் சோதனை முறையில் சைக்கிளுக்குத் திறக்க வாரியம் முடிவு செய்தபோதும், சூழல் அமைப்புகள் நீதிமன்றம் போயின. நாற்பது வருடம் ஆகியும் காயம் ஆறவில்லை.

அந்தத் தடைகளின் சூட்டில்தான் 1988-ல் கலிஃபோர்னியாவின் ஐந்து உள்ளூர் கிளப்கள் சேர்ந்து ‘இம்பா’ என்ற சர்வதேச மவுண்டன் பைக் சங்கத்தை உருவாக்கின. அவர்கள் முதலில் முன்வைத்தவற்றில் ஒன்று ஓட்டுகிறவர்களுக்கான நடத்தை விதிகள்: திறந்த பாதையில் மட்டும் ஓட்டு, வேகத்தைக் கட்டுப்படுத்து, எதிரே வருபவருக்கு வழி விடு, விலங்குகளை மிரட்டாதே. உரிமை கேட்டுத் தொடங்கிய சங்கம், தன் ஆட்களைத் திருத்துவதையும் வேலையாக எடுத்துக்கொண்டது. கொடி பிடிப்பதைவிட இது கஷ்டம். சொந்தக்காரனிடம் ‘நீ செய்தது தப்பு’ என்று சொல்ல வேண்டும்.

சண்டை மண்ணைப் பற்றியதா?

சைக்கிள் டயர் பாதையை நாசமாக்கும், மண்ணை அரிக்கும் என்பது வழக்கமான குற்றச்சாட்டு. மொன்டானாவில் நடத்தி 1994-ல் வெளியான ஓர் ஆய்வு, ஈரப் பாதைகளில் சக்கரங்களைவிடக் குதிரைக் குளம்பும் மனிதக் காலடியுமே அதிக மண்ணைப் பெயர்க்கின்றன என்று கண்டது. சவாரிக்காரர்கள் இதை விடாமல் மேற்கோள் காட்டுவார்கள். சொல்வதில் தப்பில்லை. ஆனால் இதை வைத்து ஊர்க்கூட்டத்தில் ஜெயித்தவர்கள் அபூர்வம்.

ஏனென்றால், அறுபது வயதுப் பெண்மணி ஒருவர் வளைவில் திரும்பும்போது எதிரே ஒரு சைக்கிள் சீறிக்கொண்டு வந்தால், அவர் மண் அரிப்பைப் பற்றி யோசிப்பதில்லை. பயந்துபோகிறார். மறுநாள் கூட்டத்தில் ‘சூழல் பாதிப்பு’ என்று பேசுவார். உள்ளே இருப்பது அந்த ஒரு நொடி. அதற்கு ஆய்வறிக்கை பதில் ஆகாது. வளைவில் வேகம் தானாகவே குறைகிற மாதிரி பாதையை வடிவமைப்பது பதில். மேட்டுப் பாதையையும் இறக்கப் பாதையையும் பிரிப்பது பதில். நின்று, ஒரு காலை ஊன்றி, ‘குட் மார்னிங்’ சொல்லிவிட்டுப் போவதும் ஒரு பதில்தான்.

சில இடங்களில் எதிர்ப்பவர்கள் சொல்வது நியாயமாகவும் இருக்கும். பறவைகள் கூடு கட்டும் காலம், பெரிய விலங்குகள் குளிர்காலத்தில் தங்கும் சரிவு, சதுப்பு நிலம் என்று சைக்கிள் மட்டுமல்ல, யாருமே போகாமல் இருப்பது நல்லது என்ற இடங்கள் உண்டு. அதை ஒப்புக்கொள்ளாத சங்கத்தை யாரும் நம்ப மாட்டார்கள்.

இம்பா 2017-ல் எடுத்த நிலைப்பாடு இதற்கு நல்ல எடுத்துக்காட்டு. அமெரிக்காவின் 1964 வனப்பகுதிச் சட்டம் அறிவிக்கப்பட்ட ஆதிவனப் பகுதிகளில் இயந்திரப் போக்குவரத்தைத் தடை செய்கிறது. சைக்கிளும் அதில் அடங்கும் என்பதை 1984-ல் வனத்துறை விதி உறுதியாக்கியது. இந்தத் தடையைத் தளர்த்தும் மசோதா நாடாளுமன்றத்துக்கு வந்தபோது, சைக்கிள்காரர்களின் தேசியச் சங்கமே அதை ஆதரிக்க மறுத்தது. உறுப்பினர்கள் பலர் கொதித்தார்கள். ‘நம்ம சங்கமே நமக்கு எதிரா?’ என்ற கேள்வி நியாயமானதுதான். ஆனால் சூழல் அமைப்புகளோடு பல ஆண்டுகள் உட்கார்ந்து பேசி, வேறு நூற்றுக்கணக்கான இடங்களில் பாதை வாங்கிய சங்கம் அது. அந்த மேஜையைக் கவிழ்த்துவிட்டு ஆதிவனத்துக்குள் போவது லாபமா என்று கணக்குப் பார்த்தது. நீண்ட கால நோக்கில் அந்தக் கணக்கில் பெரிய தவறு தெரியவில்லை.

ஆதரவு என்பது வருடம் முழுக்க நடக்கும் வேலை

டார்லிங் ஹில் அதிர்ச்சிக்குப் பிறகு கிங்டம் டிரெயில்ஸ் செய்ததில் கவனிக்க வேண்டியது, புதுப் பாதை போட ஓடாததுதான். இந்தப் பகுதி எவ்வளவு கூட்டத்தைத் தாங்கும் என்று ஆய்வு செய்யத் தொடங்கியது. ‘நன்றியோடு ஓட்டுங்கள்’ என்ற பிரசாரத்தை முன்னால் கொண்டுவந்தது. நீ ஓட்டுவது யாரோ ஒருவர் கொல்லைப்புறத்தில் என்பதை டிக்கெட் வாங்கும்போதே நினைவுபடுத்துவதுதான் அதன் நோக்கம். வாடிக்கையாளரை விருந்தாளியாக மாற்றும் முயற்சி அது. காசு கொடுத்தவனுக்கு உரிமை தோன்றும், விருந்தாளிக்குக் கூச்சம் இருக்கும்.

வெர்மான்ட்டில் மார்ச் முதல் செவ்வாய்க்கிழமை ஊர்க்கூட்ட நாள். பட்ஜெட், சாலை, பள்ளி எல்லாம் அங்கே ஊர் மக்கள் நேரில் வாக்களித்து முடிவு செய்கிறார்கள். பாதைச் சங்கத்து ஆட்கள் தங்கள் விஷயம் வரும் வருடம் மட்டும் அங்கே போய் நின்றால், எதற்கு வந்திருக்கிறார்கள் என்பது எல்லோருக்கும் தெரிந்துவிடும். தீயணைப்புத் தன்னார்வலர் வண்டிக்கு நிதி கேட்கும் வருடமும் அவர்கள் பின்வரிசையில் உட்கார்ந்திருந்தால் கதை வேறு. கார் நிறுத்துமிடம், கழிப்பறை, குப்பை என்று சைக்கிளோடு சம்பந்தமே இல்லாததுபோல் தெரியும் மூன்று விஷயங்களில்தான் பாதி ஊர்ச்சண்டை தீர்கிறது.

மீதிப் பாதி தண்ணீர். பாதையின் சரிவு, அது போகும் குன்றின் சரிவில் பாதிக்கு மேல் போகக் கூடாது என்பது பாதை கட்டுகிறவர்களின் பழைய விதி. அதை மீறினால் மழைநீர் குறுக்கே கடந்து போகாமல் பாதையையே ஓடையாக்கிக்கொள்ளும். அந்தச் சேறு போய்ச் சேரும் இடம் கீழே உள்ளவரின் புல்வெளி. அனுமதி தந்தவருக்கு அடுத்த கோடையில் கோபம் வரக் காரணம் தேட வேண்டியதே இல்லை.

அங்கே பனி உருகும் ஏப்ரல் மாதத்துக்குச் ‘சேற்றுப் பருவம்’ என்றே பெயர். நான்கு பருவங்களோடு இது ஐந்தாவது என்று உள்ளூரில் கிண்டலாகச் சொல்வார்கள். ஆறு மாதம் பனியில் அடைந்து கிடந்தவர்களுக்குச் சைக்கிளைத் தொட்டால் போதும் என்றிருக்கும் நேரம் அது. அப்போது பாதைகள் பூட்டப்பட்டிருக்கும். மண் காயும்வரை, சில வருடம் மே மாதம் பிறந்த பிறகும், திறக்காது. ஈர மண்ணில் பதியும் ஒரு டயர் தடம் கோடை முழுக்க இறுகிக் கிடக்கும். யார் போனது என்று நிலத்துக்காரர் கேட்டால், சங்கம் பதில் சொல்லியாக வேண்டும்.