கிறுக்கல் என்று எழுதியவருக்கு

நம் மலேசியாவில், சிரம்பானில் நடந்த மாணவர் ஓவியப் போட்டிக்கு நடுவராக வந்த நீங்கள், பதினேழு வயதுப் பெண் ஒருத்தியின் அரூபப் படத்தை ஒதுக்கிவிட்டீர்கள். அது நடுவரின் உரிமை. அதைக் கேட்க நான் எழுதவில்லை. அதோடு விடாமல் இதழில் இரண்டு பக்கக் கட்டுரையும் எழுதினீர்களே, அதற்குத்தான் இந்தப் பதில்.

அரூப ஓவியம் என்பது வரையத் தெரியாதவர்கள் ஒளிந்துகொள்ளும் இடம் என்றீர்கள். சாட்சிக்குச் சென்னை ஓவியர் கே.சி.எஸ். பணிக்கரை இழுத்தீர்கள். கல்லூரிச் சம்பளம் மாதாமாதம் வந்ததால் அவர் கிறுக்கிக்கொண்டிருக்க முடிந்தது, ரப்பர்த் தோட்டத்துப் பிள்ளைக்கு அந்தச் சொகுசு கட்டுப்படியாகாது என்று முடித்தீர்கள். முப்பது வருடம் தமிழ்ப்பள்ளியில் படம் வரையச் சொல்லிக்கொடுத்தவன் நான். உங்கள் கட்டுரையை மூன்று முறை படித்தேன். பணிக்கரின் வாழ்க்கையை நீங்கள் ஒருமுறைகூடப் படித்திருக்கவில்லை என்பது மட்டும் தெளிவாகத் தெரிந்தது.

வரையத் தெரியாதவர் என்கிறீர்கள். 1911இல் கோயம்புத்தூரில் பிறந்த பணிக்கரின் நீர்வண்ண நிலக்காட்சிகள் அவருடைய பதினேழு வயதிலேயே சென்னையில் கண்காட்சிக்கு வந்துவிட்டன. பிறகு அவர் சென்னைக் கலைப்பள்ளியில் யாரிடம் படித்தார் தெரியுமா? தேவி பிரசாத் ராய் சௌத்ரியிடம். மெரினா கடற்கரையில் பாறையை நெம்பித் தள்ளுகிற நான்கு தொழிலாளிகளின் சிலை இருக்கிறதே, அதைச் செய்தவர். ஒவ்வொரு தசையும் முறுக்கி நிற்கும் அந்த உழைப்பாளர் சிலைக்காரரிடம், உருவம் வரையத் தெரியாத ஒருவன் பயின்று தேறி, அதே பள்ளியில் ஆசிரியராகவும் ஆகியிருக்க முடியுமா? பணிக்கர் உருவத்தை விட்டு வந்தது அதை முழுக்கக் கற்று முடித்த பிறகு. 1963இல் ‘சொற்களும் குறியீடுகளும்’ வரிசையைத் தொடங்கும்போது அவருக்கு வயது ஐம்பத்திரண்டு.

அவர் ஒருவர்தான் விதிவிலக்கு என்று தப்பிக்கப் பார்க்காதீர்கள். துறையூர் பக்கம் கீராம்பூரில் உழவர் குடும்பத்தில் பிறந்த கே.எம். ஆதிமூலமும் பின்னாளில் கல்லூரியான அதே கலைப்பள்ளியின் மாணவர். காந்தி நூற்றாண்டையொட்டி 1969இல் அவர் வரைந்த காந்தி கோட்டோவியங்களைப் பாருங்கள். கறுப்பு மையில் நாலு இழுப்பு இழுத்தால் கிழவரின் நடை வந்துவிடுகிறது. அந்தக் கைதான் பின்னாளில் வெறும் வண்ணப் பரப்புகளுக்குப் போனது. கோடு கைவராமல் போனவர் என்று அவரை எந்த வாயால் சொல்வீர்கள்?

சம்பளக் கதைக்கு வருகிறேன். உங்கள் கட்டுரையில் என்னை அதிகம் கோபப்படுத்தியது அதுதான்.

படிப்பு பாதியில் நிற்க, குடும்பத்துக்காகத் தந்தி இலாகாவில் வேலைக்குப் போனவர் பணிக்கர். அதை உதறிவிட்டு இருபத்தைந்து வயதில் மறுபடி மாணவனாகக் கலைப்பள்ளிக்குள் நுழைந்தார். சொகுசு தேடுகிறவன் அரசாங்க வேலையை விட்டுவிட்டுத் தூரிகையைப் பிடிக்கமாட்டான். 1944இல் முற்போக்கு ஓவியர் சங்கத்தை அமைத்தார். 1957இல் அதே கலைப்பள்ளிக்குத் தலைவராகி ஏறக்குறைய பத்தாண்டு இருந்தார். அந்தப் பத்தாண்டில் அவரை அரித்த கேள்வி ஒன்றுதான்: பட்டயம் வாங்கி வெளியே போகிற பிள்ளை எதை வைத்துச் சாப்பிடுவான்? பிழைப்புக்காக ஏதோ ஓர் அலுவலகத்தில் போய் உட்கார்ந்தால் அவன் வரைவதே நின்றுபோகுமே?

நீங்கள் ஏதோ புதிதாகக் கண்டுபிடித்ததுபோல் எழுதிய பட்டினிக் கேள்வியை அவர் அறுபதுகளிலேயே கேட்டார். கேட்டதோடு நிற்காமல் பதிலும் செய்து காட்டினார். மாணவர்களும் பழைய மாணவர்களும் சேர்ந்து பாத்திக் துணியும் கைவினைப் பொருளும் செய்து விற்றார்கள். அந்தக் காசில் சென்னைக்குத் தெற்கே ஈஞ்சம்பாக்கத்தில் கடலோரமாகச் சுமார் பத்து ஏக்கர் மணல் நிலத்தை வாங்கினார்கள். 1966இல் சோழமண்டலம் ஓவியர் கிராமம் பிறந்தது. அரசாங்க மானியத்தில் கட்டியது இல்லை அது. காலையில் துணிக்கு மெழுகு பூசிச் சாயம் போட்டு வயிற்றைப் பார்த்துக்கொண்டு, மிச்ச நேரத்தில் அவரவர் ஓவியத்தை வரைந்தார்கள். பாத்திக் என்ற சொல் நம் மலாய் உலகத்துச் சொல் ஐயா. நம் சந்தையில் தொங்குகிற துணி அங்கே ஒரு கிராமத்துக்கே சோறு போட்டிருக்கிறது. நெகிரி செம்பிலானில் உட்கார்ந்துகொண்டு இதைச் சொல்லாமல் விட்ட உங்களை எப்படி மன்னிப்பது?

ராமானுஜம் என்றொரு மாணவர். பேச்சு திக்கும், மனநோய் வேறு. வெளியுலகம் கேலி செய்து ஒதுக்கிய அந்த இளைஞரைக் கல்லூரிக்குள் சேர்த்துக்கொண்டவர் பணிக்கர். சோழமண்டலத்தில் அவருக்கும் இடம் இருந்தது. கறுப்பு மையில் அவர் வரைந்த கனவு நகரங்கள், கோபுரமும் பாம்பும் தொப்பிபோட்ட சிறு மனிதனுமாக, இன்று இந்தியக் கலை வரலாற்றில் இருக்கின்றன. 1973இல் அவர் தன் உயிரைத் தானே முடித்துக்கொண்டார். எல்லாரையும் காப்பாற்றிவிட்ட மகான் என்று பணிக்கரை நான் தூக்கிப்பிடிக்கவில்லை. கதவைத் திறந்து வைத்தவர் என்கிறேன். நீங்கள் ஒரு பெண்ணின் முகத்துக்கு நேரே கதவைச் சாத்தினீர்கள்.

இனி அந்தக் ‘கிறுக்கல்’. ஒரு மாணவரின் கணக்கு நோட்டைப் பார்த்ததில்தான் ‘சொற்களும் குறியீடுகளும்’ முளைத்தது என்பார்கள். படங்களில் ஜாதகக் கட்டம்போலக் கட்டங்கள், அட்டவணைகள், முக்கோணங்கள், பூச்சியும் மீனும்போல ஏதேதோ உருவங்கள். நடுவே நெருக்கி எழுதிய வரிகள். மலையாளம்போல இருக்கும், தமிழ்போலவும் இருக்கும், படிக்கப் போனால் ஓர் எழுத்தும் பிடிபடாது. பித்தலாட்டம் என்று நீங்கள் எழுதியது இதைத்தான்.

நான் பிறந்தது பகாவ் பக்கத்துத் தோட்டம் ஒன்றில். அப்பாவுக்கும் அம்மாவுக்கும் ரப்பர் பால்வெட்டு. விடியுமுன் ஆட்கள் கூடும் பிரட்டுக்களத்தில், கணக்கெழுதும் கிராணி செக்ரோலைப் பிரித்து வைத்துப் பெயர் கூப்பிடுவார். கட்டம் கட்டமாகக் கோடு போட்ட பெரிய தாள். வந்தவனுக்கு ஒரு குறி, வராதவனுக்கு ஒரு குறி, அரை நாளுக்கு இன்னொரு குறி. மதியம் ஸ்டோரில் பாலை நிறுத்து, அதன் அடர்த்தியையும் பார்த்து மறுபடி எதையோ எழுதுவார். என் அம்மாவுக்கு எழுதப் படிக்கத் தெரியாது. எங்கள் அரிசியும் என் சட்டையும் அந்தத் தாளில் இருந்தன. அவளால் அதைப் பார்க்க முடிந்ததே தவிர, படிக்க முடிந்ததில்லை. தலைகீழாகத் தெரியும் அந்தக் கட்டங்களையே அவள் உற்றுப் பார்த்துக்கொண்டு நிற்பாள்.

எத்தனையோ வருடங்கள் கழித்துப் பணிக்கரின் படத்தை ஒரு புத்தகத்தில் முதன்முதலாகப் பார்த்தேன். எனக்கு யாரும் விளக்கவில்லை. செக்ரோல் என்று வாய்விட்டுச் சொன்னேன். பணிக்கர் செக்ரோலைக் கண்டிருக்கமாட்டார். அவர் மனத்தில் இருந்தது ஓலைச்சுவடியும் ஜாதகமும். ஆனால் படிக்க முடியாத எழுத்தின்முன் நிற்பது என்றால் என்ன என்று தோட்டத்தில் பிறந்தவனுக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. அரூபம் எங்களுக்குப் புரியாது என்கிறீர்களே, எங்களை எந்த அளவுக்கு மட்டமாக எடை போட்டிருக்கிறீர்கள்!

இந்த மண்ணில் இதெல்லாம் முளைக்காது என்றும் ஒரு வரி எழுதியிருக்கிறீர்கள். நெகிரி செம்பிலானின் லெங்கெங்கில் பிறந்தவர் லத்தீப் மொஹிடின். பெர்லினில் ஓவியம் படித்தவர், கவிஞரும்கூட. அவருடைய ‘பாகோ பாகோ’ படங்கள் 2018இல் பாரிஸின் பொம்பிடு மையத்தில் வைக்கப்பட்டன. சிரம்பானிலிருந்து லெங்கெங் எவ்வளவு தூரம்? அவர் மலாய்க்காரர், நம்மவர் இல்லை என்பீர்கள். சரி, தமிழ்நாட்டில் பிறந்து பினாங்கில் வளர்ந்த சையத் தாஜுதீன், பணிக்கர் தலைமை வகித்த அதே சென்னைக் கல்லூரியில் படித்துவிட்டுத் திரும்பி, இந்நாட்டின் பெரிய ஓவியர்களில் ஒருவராக இருக்கிறார். கண்ணுக்கு முன்னால் இருப்பவர்களையே நீங்கள் பார்க்கவில்லை.

அந்தப் பெண்ணின் படத்தையும் நீங்கள் பார்க்கவில்லை. சாம்பல் நிறப் பரப்பில் இடமிருந்து வலமாகச் சரியும் கோடுகள், ஒன்றன்கீழ் ஒன்றாக. சில இடங்களில் கோடு புடைத்து முடிச்சிட்டிருக்கும். மரம் எங்கே என்று அவளைக் கேட்டீர்களாம். அவளுடைய பாட்டி நாற்பது வருடம் வெட்டிய பட்டை அது. கத்தி கொஞ்சம் ஆழம் போனால் மரம் காயப்பட்டு அந்த இடம் முடிச்சாகிவிடும், மேற்பார்வை பார்க்கும் மண்டோரிடம் ஏச்சும் கிடைக்கும். முடிச்சுகள் எங்கெங்கே வரும் என்று பாட்டியிடம் கேட்டுக் கேட்டு வரைந்திருக்கிறாள். தோட்டம் செம்பனையாகிவிட்டது, பாட்டிக்குக் காட்ட ஒரு மரம்கூட இல்லை. ரப்பர் மரத்தை இலையோடும் பால் வடியும் மங்கோடும் வரைந்த படத்துக்கு நீங்கள் முதல் பரிசு கொடுத்தீர்கள். அந்தப் பிள்ளையைக் குறைசொல்லமாட்டேன், அவன் அழகாகத்தான் வரைந்திருந்தான். ஆனால் இந்தப் படத்துக்குள் இருந்த உழைப்பை அறிய ஒரே ஒரு கேள்வி போதுமாயிருந்தது. அதை நீங்கள் கேட்கவில்லை.

அவள் எஸ்.பி.எம். பள்ளித் தேர்வை முடித்துவிட்டாள். நுண்கலை படிக்க விண்ணப்பம் நிரப்பி வைத்திருக்கிறாள். அவளுடைய அப்பா கையெழுத்துப் போட மறுக்கிறார். உங்கள் கட்டுரையை வெட்டி எடுத்து மேசைக் கண்ணாடிக்கு அடியில் வைத்திருக்கிறார், யார் பேச வந்தாலும் அதைத்தான் காட்டுகிறார். வரும் ஞாயிற்றுக்கிழமை பணிக்கர் படங்கள் உள்ள புத்தகத்தை எடுத்துக்கொண்டு நான் அந்த வீட்டுக்குப் போகிறேன். நீங்களும் வாருங்கள். பாட்டியும் இருப்பார். நீங்கள் எழுதியதை அவர் எதிரில் உட்கார்ந்து வாசியுங்கள். பிறகு அந்தப் படத்தைச் சுவரில் சாத்தி வைப்போம், எந்த முடிச்சு எந்த வருடத்துக் காயம் என்று அவரே சொல்லட்டும்.