தானே நிற்கும் தறி

விசைத்தறியில் ஊடை நூல் அறுந்தால் தறி தானே நின்றுவிடும் அமைப்பு உண்டு. ஆனால், அறுந்த நூலை இணைக்க ஒருவர் வரவேண்டும். சோமனூர்ப் பிள்ளைகள் நன்கறிந்த இவ்வுண்மை கணினிக்கும் பொருந்தும்.

தம்பி நள்ளிரவு வரை விளையாடுகிறான் என்று, குறித்த நேரத்தில் கணினி தானே அணையுமாறு அமைத்துவிடும் அண்ணன்மார் உளர். நோக்கம் நன்று. ஆயினும், தடை மட்டும் போதுமா?

தென்கொரியா 2011இல், 16 வயதுக்குட்பட்டோர் நள்ளிரவு முதல் காலை 6 மணி வரை இணைய விளையாட்டில் ஈடுபடுவதைச் சட்டத்தால் தடுத்தது. சிறுவர் சிலர் பெற்றோரின் அடையாள எண்ணைக் கொண்டு உள்நுழைந்தனர். கைப்பேசி விளையாட்டுகளோ தடைக்கு வெளியே நின்றன. 2022 தொடக்கத்தில் அச்சட்டம் நீங்கியது. பெற்றோரும் பிள்ளைகளும் வேண்டியவாறு நேர வரம்பைக் குறித்துக்கொள்ளும் முறை நிலைத்தது.

சொல்லாமல் அணைக்கப்படும் கணினி, தம்பியின் உள்ளத்தில் சினத்தையே வளர்க்கும். பெற்றோர் இரவுத் தறிக்குச் சென்ற வீட்டில், தனிமையே அவனைத் திரைமுன் அமர்த்தியிருக்கலாம். அறுந்த நூல் அதுவாயின், அதை இணைப்பது அண்ணனின் கடமை. அருகமர்ந்து பேசி, அணையும் நேரத்தைத் தம்பியே குறிக்கச் செய்க. அப்போது அதே அமைப்பு அவனுக்குத் தண்டனையாகாது; துணையாகும்.