உவமை செய்த குற்றம்

சென்ற மாதம் ஒரு கல்யாணத்துக்குப் போயிருந்தேன். கெட்டிமேளம் கொட்டத் தொடங்கியதும், எனக்கு முன்வரிசையில் இருந்த ஏழெட்டு வயதுப் பையன் இரண்டு காதுகளையும் பொத்திக்கொண்டு வீரிட்டான். தாய் அவனை வாரித் தூக்கிக்கொண்டு வெளியே ஓடினாள். என் பக்கத்தில் இருந்த பெரியம்மாள் ஒருத்தி, "என்னமோ ஆட்டிசமாம். இவ ஆபீஸ் ஆபீஸுன்னு ஓடாம, பிள்ளையை மடியில போட்டுக் கொஞ்சியிருந்தா இப்படி ஆகியிருக்குமா?" என்றாள். சுற்றியிருந்த நாலைந்து தலைகள் ஆமோதித்து ஆடின. தாலி கட்டி முடிவதற்குள் வழக்கு முடிந்து, தீர்ப்பும் ஆகிவிட்டது.

அந்த அம்மாள் புரூனோ பெட்டல்ஹைமைப் படித்தவள் அல்ல. ஆனால் அவருடைய தடித்த புத்தகத்தின் சாரத்தை இதைவிடச் சுருக்கமாக யாராலும் சொல்லிவிட முடியாது.

அமெரிக்காவில் பால்டிமோர் நகரத்து டாக்டர் லியோ கானர், 1943-இல் பதினொரு குழந்தைகளைப் பற்றி ஒரு கட்டுரை எழுதினார். ஆட்டிசம் என்ற நிலையை உலகம் தெரிந்துகொண்டது பெரும்பாலும் அதன் மூலம்தான். இது பிறவியிலேயே வருவது என்று அதில் அவர் சொன்னார். பெற்றோரில் பலர் அன்பைக் காட்டத் தெரியாதவர்கள் என்றும் சொன்னார். 1949-இல் இன்னொரு கட்டுரையில், இந்தக் குழந்தைகள் பனி உருகாத ரெஃப்ரிஜிரேட்டருக்குள் விடப்பட்டவர்கள் என்று ஓர் உவமையை வைத்தார். போயிற்று! அவர் நுணுகி நுணுகிக் கவனித்து எழுதியதையெல்லாம் ஜனங்கள் மறந்துவிட்டார்கள். ரெஃப்ரிஜிரேட்டர் மட்டும் நின்றுவிட்டது. 'ரெஃப்ரிஜிரேட்டர் தாய்' என்று அதற்கு ஒரு பெயரும் வந்தது.

பெட்டல்ஹைம் இன்னும் ஒரு படி மேலே போனார். ஹிட்லரின் கைதி முகாம்களில் அடைபட்டு மீண்டவர் அவர். 1967-இல் வெளிவந்த நூலில், ஆட்டிசக் குழந்தையின் நிலையை முகாம் கைதியின் நிலையோடு ஒப்பிட்டார். குழந்தை கைதி என்றால் காவலாளி யார்? அதை வாசகனே கண்டுபிடித்துக்கொள்ளலாம்.

மறுப்பு வராமல் இல்லை. அமெரிக்கக் கடற்படையில் மனோதத்துவ நிபுணராக இருந்த பெர்னார்ட் ரிம்லண்ட், தாமே ஓர் ஆட்டிசப் பையனின் தகப்பனார். தாயைப் பழிக்கும் வாதத்தை அவர் 1964-லேயே ஒரு நூலில் பிரித்து எறிந்தார். அதற்கு முன்னுரை எழுதியவர் சாக்ஷாத் கானர்! 1969-இல் பெற்றோர் கூட்டம் ஒன்றில் அதே கானர், உங்களை விடுதலை செய்கிறேன் என்ற பொருள்படப் பேசினார். 1977-இல் ஃபோல்ஸ்டைன், ரட்டர் என்ற இருவர் இரட்டைக் குழந்தைகளை ஆராய்ந்தார்கள். ஒரே கருவிலிருந்து பிரிந்த 11 ஜோடிகளில் 4 ஜோடிகளில் இருவருக்கும் ஆட்டிசம் இருந்தது. மற்ற வகை இரட்டையர் 10 ஜோடிகளில் ஒன்றில்கூட இல்லை. இத்தனையும் அந்தக் கல்யாணப் பந்தல்வரை வரவில்லை. எண்ணுக்கு முகம் கிடையாது; உவமைக்கு உண்டு.

மேல்நாட்டுச் சரக்கு பத்திரிகை வழியாகவும் சினிமா வழியாகவும் இங்கே இறங்கிவிட்டது என்று நம் அறிவாளிகள் சொல்வார்கள். எனக்கு அது பாதிதான் சரியாகப் படுகிறது. பிள்ளை மெலிந்தாலும், பரீட்சையில் கோட்டை விட்டாலும், பேசத் தாமதமானாலும் தாயைக் கேட்கும் வழக்கத்துக்கு நமக்கு எந்த அமெரிக்க டாக்டரும் தேவைப்பட்டதில்லை. நாற்காலி முன்பே போட்டிருந்தது. புதுக் கருத்து வந்து உட்கார்ந்துகொண்டது. அமெரிக்காவிலும் அப்படித்தான் நடந்திருக்க வேண்டும்.

சினிமா வேறொரு காரியம் செய்தது. 1988-இல் வந்த 'ரெயின் மேன்' படத்தில், தரையில் சிதறிய பல்குச்சிகளைக் கதாநாயகனின் அண்ணன் ஒரு பார்வையில் எண்ணிவிடுகிறான். அருமையான நடிப்பு, ஆஸ்கார் பரிசும் கிடைத்தது. அந்தப் பாத்திரத்துக்குத் தூண்டுகோலாக இருந்த கிம் பீக் ஆட்டிசம் உள்ளவரே அல்ல என்று பிற்பாடு கருதப்பட்டது. அதனால் என்ன? அதே கல்யாணத்தில் பட்டு ஜிப்பாக்காரர் ஒருவர் பையனின் தகப்பனாரைப் பிடித்து, "1947 ஆகஸ்ட் 15 என்ன கிழமைன்னு கேட்டா டக்குனு சொல்வானா, சார்?" என்று விசாரித்தார். தகப்பனார் சிரித்து மழுப்பினார். பசிக்கிறது என்று சொல்ல இன்னும் அந்தப் பையனுக்கு வரவில்லை.

கதை எழுதும் நண்பர்கள் இதைக் கேட்டால், "அனுதாபம் பிறந்ததல்லவா?" என்பார்கள். பிறந்தது, கட்டணத்தோடு. மேதையாக இரு, அல்லது கடைசி அத்தியாயத்தில் குணமாகிவிடு. அப்போதுதான் கண்ணீர் தருவோம் என்கிற அனுதாபம் அது.

நண்பர்களை மட்டும் சொல்லி நான் தப்பிக்க முடியாது. பதினைந்து வருஷத்துக்கு முன் நான் எழுதிய தொடர்கதையில் பேசாத சிறுவன் ஒருவன் வருவான். உத்தியோகத்தை உதறிவிட்டு வந்த தாய் அவனைக் கட்டிக்கொண்டு அழுவாள். அவன் "அம்மா" என்பான். வாசகிகள் கட்டுக் கட்டாகக் கடிதம் எழுதினார்கள். எனக்கும் தலை கொஞ்சம் கனத்துத்தான் போயிற்று. கல்யாணத்தில் என் பக்கத்தில் இருந்த பெரியம்மாளும் அதைப் படித்திருப்பாளோ என்று, வீடு திரும்பும் வழியில்தான் எனக்குத் தோன்றியது.

புத்தகம் இப்போது மறுபதிப்புக்குப் போகிறது. கடைசி அத்தியாயத்தை எடுத்துவிடுங்கள் என்று பதிப்பாளரிடம் சொன்னேன். அந்த அத்தியாயத்துக்காகத்தான் புத்தகமே விற்கிறது என்கிறார்.